தரவு அலசக் கற்க எந்த மொழி, எந்தப் பாடம்? கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு உட்காருவோம். கல்லூரிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், ஒரு பள்ளி ஆசிரியர். பாதிப் பேர் கடலூர்க்காரர்கள், மீதிப் பேர் பாண்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் இதே கேள்விகள்தான். பேச்சில் பாதி விட்டுப்போகிறது, அதனால் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

அக்கா, பைத்தானா, ஆரா? முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

பைத்தான், ஆர் (R) இரண்டும் கணினிக்குக் கட்டளை எழுதும் நிரல் மொழிகள், எதை எடுத்தாலும் வேலை நடக்கும். ஒன்று கைக்கு வந்துவிட்டால் இன்னொன்று அதில் பாதிக் காலத்தில் வரும். ஆனாலும் இரண்டும் பிறந்த வீடு வேறு, அதைத் தெரிந்துகொண்டால் தேர்வு சுலபம்.

ஆர் மொழியை 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் எழுதினார்கள். அதற்கு முன்னோடி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான எஸ் என்ற மொழி. புள்ளியியல்காரர்கள் தங்கள் வேலைக்காகச் செய்தது என்பதால் அட்டவணை, சராசரி, மாதிரி எல்லாம் அதில் முதல் நாளே கையில் கிடைக்கும். பைத்தான் 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பொதுப்பயன் மொழி. வலைத்தளமும் செய்யலாம், கோப்புகளுக்குப் பெயரும் மாற்றலாம். தரவு வேலை அதில் பிறகு வந்து சேர்ந்தது. 2008இல் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வெஸ் மெக்கின்னி தன் தேவைக்குத் தொடங்கிய பாண்டாஸ் என்ற லைப்ரரி, அதாவது எடுத்துப் பயன்படுத்த எழுதி வைத்த நிரல் தொகுப்புதான், இன்று பைத்தானில் அட்டவணை என்றாலே எல்லோரும் எடுப்பது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை முதுகலை படித்து, ஆர்பிடி, ஸ்ப்ளிட் பிளாட் போன்ற சோதனை வடிவமைப்புகளில் வயலில் ஆய்வு போடுகிறவர் ஆர் எடுக்கட்டும். அதற்கென்றே அக்ரிகோலே என்ற பேக்கேஜ் இருக்கிறது, லைப்ரரியை ஆரில் அப்படித்தான் சொல்வார்கள். மருத்துவப் புள்ளியியல், சூழலியல் பக்கம் போகிறவர்களுக்கும் ஆர்தான் என் சிபாரிசு. பொறியியல் படித்து ஐடி வேலை தேடுகிறவர் பைத்தான் எடுக்கட்டும். துறையில் உங்கள் சீனியர் எதில் எழுதுகிறாரோ அதுதான் உங்களுக்குச் சரியான மொழி. ராத்திரி பதினோரு மணிக்கு எரர் வந்து நிற்கும்போது கேட்க ஒரு ஆள் வேண்டும்.

எக்செல் நன்றாகத் தெரியும். அது போதாதா?

நிறைய வேலைக்குப் போதும். ஆனால் ஒரு தாளில் 10,48,576 வரிசைக்கு மேல் எக்செல் கொள்ளாது. அதைவிடப் பெரிய சிக்கல், போன மாதம் என்ன செய்தீர்கள் என்பது எக்செலில் எங்கேயும் எழுதியிருக்காது. எந்த வரியை நீக்கினோம், எந்தப் பெயரைத் திருத்தினோம் என்று நினைவில்தான் தேட வேண்டும். நிரலில் செய்தால் அந்த நிரலே குறிப்பேடு.

இணையத்தில் ஆயிரம் பாடங்கள் கிடக்கின்றன. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலானவர்கள் பாடத்தின் பெயரையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் முதல் பாடத்தையே திறக்க மாட்டேன், நேரே நடுவில் திறப்பேன். முதல் பாடம் எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். நடுவில் மூன்று விஷயம் தேடுவேன்.

அழுக்கான தரவு தருகிறார்களா என்பது முதலாவது. காலி இடம், எழுத்துப் பிழை, தேதி ஒரு வரியில் ஒரு மாதிரி, அடுத்த வரியில் வேறு மாதிரி என்று இருக்கிற கோப்பைக் கையில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்கிறார்களா? நிஜ வேலையில் நேரம் முழுக்க அங்கேதான் போகிறது. எப்போதும் துடைத்து வைத்த தரவையே தரும் பாடம், தண்ணீரில் இறங்காமல் நீச்சல் சொல்லிக்கொடுப்பது போல. இரண்டாவது, பயிற்சிக் கணக்கு. பார்த்துவிட்டுப் போகிற பாடமா, நாமே எழுதிச் சரிபார்க்கிற பாடமா? மூன்றாவது, ஒரு கட்டளையை ஏன் இங்கே போட்டோம் என்று ஒரு வரியாவது சொல்கிறார்களா?

இந்த மூன்றிலும் தேறுகிறவற்றில் நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பவை சிலதான். ஆர் என்றால் ஹாட்லி விக்கம், மினே செட்டின்காயா-ருண்டல், காரெட் குரோலமண்ட் சேர்ந்து எழுதிய 'ஆர் ஃபார் டேட்டா சயின்ஸ்'. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பு முழுவதும் இணையத்தில் இலவசம். முதல் அத்தியாயத்திலேயே பென்குவின்களின் அளவுகளை வைத்து வரைபடம் போட வைத்துவிடுவார்கள், இலக்கணம் பிறகு வரும். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். வரைபடம் கண்ணில் பட்ட பிறகு பிள்ளைகள் எழுந்து போவதில்லை. ஆங்கிலம் படித்துக்கொண்டே போவது கஷ்டம் என்றால் ஸ்விர்ல் என்ற பேக்கேஜை ஆருக்குள்ளேயே நிறுவலாம். அது ஒரு வரி சொல்லும், நாம் பதில் எழுதுவோம், தப்பு என்றால் திரும்பக் கேட்கும்.

பைத்தானுக்கு முதலில் காகிள் என்ற தரவுப் பயிற்சித் தளத்தின் சிறு பாடங்கள். பைத்தான், பாண்டாஸ் இரண்டும் இலவசம், பிரவுசரிலேயே ஓடும், ஒவ்வொன்றும் சில மணி நேர வேலை. அது முடிந்ததும் மெக்கின்னியே பாண்டாஸ் பற்றி எழுதிய புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு, அதுவும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. ஆசிரியர் முன்னால் இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் ஐஐடி மெட்ராஸ் நடத்தும் பாடங்கள். வாரா வாரம் கணக்கு சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால் தானாகவே ஒழுங்கு வரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒன்றை எடுங்கள், முடியுங்கள். நான்கு டேப் திறந்து வைத்துக்கொண்டு நாலிலும் மூன்றாம் பாடம் வரை போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மாறி (வேரியபிள்) என்றால் என்ன என்று நான்கு விதமாகச் சொல்லத் தெரியும், ஒரு கோப்பைத் திறந்து பதில் சொல்லத் தெரியாது.

பாடம் பழையதா என்று எப்படித் தெரியும்?

தேதியைப் பார்க்கலாம், ஆனால் பழைய பாடத்துக்குப் புதுத் தேதி போடுவதும் உண்டு. அடையாளங்கள் சொல்கிறேன். பைத்தானில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே நின்றுவிட்டது, மூடிவிடுங்கள். பாண்டாஸ் அட்டவணையில் அப்பெண்ட் போட்டு வரி சேர்க்கிறார்கள் என்றால் அந்தக் கட்டளை 2023இல் வந்த 2.0 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது, உங்கள் கணினியில் எரர்தான் வரும். ஆரில் அகல அட்டவணையை நீளமாக்க கேதர், நீள அட்டவணையை அகலமாக்க ஸ்ப்ரெட் என்று சொல்லிக்கொடுத்தால் அது 2019க்கு முந்திய பழக்கம். இன்னும் ஓடும், ஆனால் இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை. விண்டோஸில் ஆர் தமிழ் எழுத்தைக் குழப்பும் என்று பழைய பாடங்களில் பெரிய விளக்கமே இருக்கும். 2022 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்புக்குப் பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

முக்கியமாக, எரர் வந்தால் உடனே நம் மேல் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பாடம் பழையதாக இருக்கலாம்.

பணம் கட்டி வகுப்பில் சேரலாமா?

இதற்கு நான் பட்டதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி மையத்தில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டிச் சேர்ந்தேன். மூன்று மாதமும் ஸ்லைடுதான். கருவிகளின் பெயர் ஐம்பது தெரிந்தது. ஒரு நாள்கூட ஒரு கோப்பை நாங்களாகத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு சர்டிஃபிகேட்டும், எனக்குப் புரியவில்லையே, எனக்கு மூளை போதாதோ என்ற பயமும்தான் மிச்சம். அந்தப் பயம் போக ஒரு வருஷம் ஆயிற்று.

நான் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி நிறுவனத்தில் கணக்குப் பார்த்தபோது. கொள்முதல் கணக்கு எல்லாம் எக்செலில் இருந்தது. ஒரே தரகரின் பெயர் மூன்று விதமாக எழுதியிருந்ததால் அவருக்குக் கொடுத்த தொகை மூன்று இடத்தில் தனித்தனியாக நின்றது. பருப்பின் தரம் என்ற பத்தியில் 240, 320 என்று இருக்கும். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதைக் காட்டும் தர எண் அது. சின்னப் பருப்பு என்றால் எண் பெரிது. நான் எழுதிய முதல் நிரல் அந்தத் தரத்துக்கே சராசரி போட்டு 287 என்று விடை சொன்னது! அப்படி ஒரு தரமே சந்தையில் கிடையாது. எண்ணாகத் தெரிகிறதெல்லாம் கூட்டிக் கழிக்கிற எண் இல்லை, சில எண்கள் வெறும் பெயர் என்பது அன்றைக்கு மனதில் பதிந்தது.

எனவே சேர்வதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா? என் சொந்தத் தரவைக் கொண்டுவந்தால் பார்த்துத் தருவீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் யோசிக்கலாம். இல்லை என்றால் அந்தப் பணத்தில் லேப்டாப்புக்கு ரேம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தமிழில் ஏதாவது இருக்கிறதா? ஆங்கிலம் வேகமாகப் போகிறது.

இருக்கிறது. 2012 முதல் நடந்துவரும் கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) பற்றிய கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் தமிழில் கிடைக்கும். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசையில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் பற்றியது தரவுப் பக்கம் வருகிறவர்களுக்கு நல்ல தொடக்கம். ஐஐடி பம்பாய் நடத்தும் ஸ்போக்கன் டுடோரியல் இன்னொன்று. பத்து நிமிஷம் போலச் சின்னச் சின்ன வீடியோக்கள், பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. வீடியோவை ஒரு பக்கம் வைத்து, அதில் செய்வதை மறுபக்கம் நாமும் செய்துகொண்டே போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எரர் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும், விளக்கக் குறிப்புகளும் ஆங்கிலத்தில்தான். அதனால் கருத்தைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், சொற்களை ஆங்கிலத்திலேயே பழகுங்கள். எங்கள் மாடியில் ஒரு நோட்டு இருக்கிறது. வந்த ஒவ்வொரு எரரையும் அப்படியே எழுதி, கீழே தமிழில் என்ன அர்த்தம், எப்படித் தீர்ந்தது என்று எழுதுவோம். நாற்பது பக்கம் ஆனபோது புதிதாக எரர் வருவதே குறைந்துவிட்டது. வருவதெல்லாம் பழைய முகங்கள்.

நேரில் பேச ஆள் வேண்டும் என்றால் புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் என்ற கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கம் இருக்கிறது. விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி என்ற லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் தயங்காமல் கேட்கலாம்.

சர்டிஃபிகேட் வேண்டாமா?

கல்லூரியில் கேட்டால் வாங்குங்கள். என்பிடெல் பாடம் பார்ப்பது இலவசம், தேர்வு எழுதத்தான் 1000 ரூபாய் அளவில் கட்டணம், தேர்வு நேரில் நடப்பதால் அதற்கு மதிப்பும் இருக்கிறது. கடலூர்ப் பக்கம் படிக்கிறவர்களுக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது. அது தமிழ்நாடு அரசின் திட்டம், எனவே பாண்டிக் கல்லூரிப் பிள்ளைகள் அதை எதிர்பார்க்க வேண்டாம். இன்டர்வியூவில் நீங்களே செய்த ஒரு வேலையைத் திறந்து காட்டி, இந்த வரி எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல முடிந்தால், அது நான்கு சர்டிஃபிகேட்டுக்குச் சமம். கூடவே தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியையும் படித்துவிடுங்கள், இரண்டு வாரம் போதும்.

நல்ல லேப்டாப் இல்லை. அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான். போனில் முடியுமா?

4 ஜிபி ரேம் இருந்தால் தொடக்கத்துக்கு ஆர் தாராளமாக ஓடும். அதுவும் திணறினால் கூகுள் கோலாப். நிரல் ஓடுவது அவர்களுடைய கணினியில், இலவசக் கணக்கிலேயே சுமார் 12 ஜிபி நினைவகம் கிடைக்கிறது. பைத்தான், ஆர் இரண்டும் அதில் ஓட்டலாம். போனில் படிக்கலாம், ஆனால் எழுதப் பழக முடியாது. அடைப்புக்குறி தேடியே பொழுது போய்விடும். பாண்டி பஸ்ஸில் தினமும் ஒரு மணி நேரம் போய்வருகிறவர்கள் வீடியோவை முந்தின நாள் வைஃபையில் இறக்கி வைத்து வழியில் பாருங்கள், எழுதுவதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமைதியான இடம் இல்லை என்கிறவர்களுக்கு, பாண்டியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது.

கணக்கில் நான் வீக். வருமா?

வரும். சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), விழுக்காடு, வரைபடம் படிக்கத் தெரிதல். முதல் ஆறு மாதத்துக்கு இவ்வளவுதான்.

சாட்ஜிபிடி எழுதித் தருகிறதே, நான் எதற்குக் கற்க வேண்டும்?

நானும் பயன்படுத்துகிறேன். "இந்த எரருக்கு என்ன அர்த்தம், தமிழில் சொல்" என்று கேட்டால் பொறுமையாகச் சொல்லும். அந்த வகையில் நல்ல துணை. ஆனால் இல்லாத கட்டளையை இருப்பது போல எழுதித் தருவதும் உண்டு, பழைய கட்டளையைத் தருவதும் உண்டு. என் முந்திரிக் கதையில் வந்த 287 போல, பிழையில்லாமல் ஓடி தப்பான விடை தரும் நிரலை அது கொடுத்தால், தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான். முதல் இரண்டு மாதம் நீங்களே எழுதுங்கள், மாட்டிக்கொண்டால் விளக்கம் மட்டும் கேளுங்கள்.

பழக நம் ஊர்த் தரவு எங்கே கிடைக்கும்? பாடத்தில் வருவதெல்லாம் அமெரிக்க விமானம், பூ இதழ் அளவு என்று இருக்கிறது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன். நம்மைப் பாதிக்கிற கேள்வியை எடுத்தால் கற்பது பாதி முடிந்த மாதிரி.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஒரே நாளில் கொட்டும் மழை முன்னைவிடக் கூடியிருக்கிறதா? இதற்குப் பதில் தேட இந்திய வானிலைத் துறை 1901 முதல் அன்றாட மழை அளவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இலவசமாகத் தருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் கால் டிகிரி, ஏறக்குறைய 27 கி.மீ. இதைப் படிக்க பைத்தானில் ஐஎம்டிலிப் என்ற லைப்ரரி இருக்கிறது. நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு கட்ட அளவுக்குத்தான் தூரம் என்பதை மறக்காதீர்கள். தெருவுக்குத் தெரு மழை வேறுபட்டது இதில் தெரியாது.

அரசின் திறந்த தரவுத் தளத்திலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மாவட்ட வாரியான அட்டவணைகள் உண்டு. கடலூர் மாவட்டத்தில் 26,05,914 பேர், புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 12,47,953 பேர். இந்தப் புதுச்சேரியைத்தான் நான் எல்லோருக்கும் முதல் பயிற்சியாகக் கொடுப்பேன். 2006இல் பெயர் மாறியதால் பழைய அட்டவணையில் பாண்டிச்சேரி, புதியதில் புதுச்சேரி. நிரலுக்கு அவை இரண்டு வேறு ஊர். அப்புறம் அந்தப் பெயர் சில இடத்தில் ஊரைக் குறிக்கும், சில இடத்தில் மாவட்டத்தை, சில இடத்தில் காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்ந்த முழுப் பகுதியை. மாஹே கேரளக் கரையில் இருக்கிறது, அங்கே ஜூன், ஜூலையில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் எந்த ஊரிலும் பெய்யாத ஒரு மழை கிடைக்கும்.

தமிழில் சேமித்த கோப்பை எக்செலில் திறந்தால் கிறுக்கலாக வருகிறது. வரைபடத்தில் பெட்டி பெட்டியாக வருகிறது.

கோப்பு கெடவில்லை, பயப்படாதீர்கள். எக்செலில் நேரடியாகத் திறக்காமல், டேட்டா பகுதியில் டெக்ஸ்ட் கோப்பாக உள்ளே கொண்டுவந்து, 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். பாண்டாஸிலிருந்து சேமிக்கும்போதே யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்துவிட்டால் எக்செல் தானாகப் புரிந்துகொள்ளும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால் அது வேறு கதை. முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

வரைபடத்தில் பெட்டி வருவது எழுத்துருவில் தமிழ் இல்லாததால். பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் லைப்ரரியில் தமிழ் எழுத்துருவைக் கொடுத்த பிறகும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதுண்டு. ஆரில் ராக் என்ற பேக்கேஜ் வழியாகச் சேமித்தால் 'கொள்ளிடம்' கொள்ளிடமாகவே வரும்.